திருப்பூருக்குப் போன குடும்பம்

ராஜபாளையத்தில் இன்று நாங்கள் குடியிருக்கும் வீட்டை, அதற்கு அஸ்திவார வானம் தோண்டுவதற்குப் பல வருடம் முன்பே நான் ஒரு தடவை கோட்டைவிடப் பார்த்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. நான் செய்தது தப்பு என்று எனக்குத் தெரியாது. மெச்சிக்கொள்ளும்படி ஒரு காரியம் செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குக் கடன் இருந்தது. அத்தையின் கல்யாணத்துக்கு அப்பா வாங்கியது. வாங்கிய கையோடு அவர் வேலை பார்த்த நூல் மில்லை நாலு மாதம் மூடிவிட்டார்கள். வட்டி குட்டி போட்டு, வாரம் ஐந்நூறு ரூபாய் கட்ட வேண்டும் என்று ஆனது. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் வட்டிக்காரர் கக்கத்தில் பையும் கையில் நோட்டுமாக வந்து நிற்பார். அப்பா ஷிப்டில் இருப்பார். அம்மா பேண்டேஜ் கம்பெனியில் துணி மடித்துவிட்டு வீடு திரும்ப ஆறரை ஆகும். பணம் இருக்கிற வாரம் அம்மா அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டுப் போவாள், நான் எடுத்துக் கொடுப்பேன். இல்லாத வாரம் என்ன சொல்ல வேண்டும் என்று காலையிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவாள்.

அந்த வேலையில் நான் சீக்கிரமே தேறிவிட்டேன். அம்மா சொல்லிக் கொடுத்தது "அப்பா ஊர்ல இல்ல" என்பது மட்டும்தான். எந்த ஊர், யாருக்கு உடம்புக்கு முடியவில்லை, எப்போது திரும்புவார் என்பதெல்லாம் என் கைச்சரக்கு. வட்டிக்காரர் வந்துபோனதை அம்மாவிடம் சொல்லவும் மாட்டேன். சொன்னால் அவள் முகம் தொங்கிவிடும், அன்றைக்குச் சோறு இறங்காது. சொல்லாமல் இருப்பதும் என் பொறுப்பு என்று நானாக முடிவு செய்திருந்தேன்.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருடம் புரட்டாசியில் கடன் அடைந்தது. அப்பா கடனுக்கு எழுதிக் கொடுத்திருந்த புரோநோட்டைத் திருப்பி வாங்கி வந்து, கிழித்து அடுப்பில் போட்டார். நானும் பார்த்தேன். ஆனால் கடன் முடிந்தது என்று வீட்டில் பேசிக்கொள்வதை அதற்கு முன்பும் இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். இரண்டு தடவையும் அது காய்ச்சல் போலத் திரும்பி வந்தது. ஆகவே நான் அதைப் பெரிதாக நம்பவில்லை.

அன்றைக்கே அம்மா ஒரு சட்டம் போட்டாள். வட்டிக்காரர் இல்லையென்று யாரும் தாராளமாகச் செலவு செய்யக் கூடாது. வாரம் ஐந்நூறு எப்போதும்போல் வீட்டைவிட்டுப் போய்விட வேண்டும், ஆனால் இனி அது நம் வீட்டுக்காகப் போக வேண்டும். சொந்த வீட்டுக்குக் கடன் கேட்டால் நாலில் ஒரு பங்காவது முன்பணமாக உங்கள் கையில் இருக்க வேண்டும் என்று வங்கியில் சொல்லியிருந்தார்களாம்.

அந்தப் பணத்தை எங்கே போடுவது என்பதில்தான் ஒரு வாரம் வீடு இரண்டுபட்டது. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, தனக்குத் தெரிந்தவர் நடத்தும் ஏலச்சீட்டில் சேரச் சொன்னார். அவசரம் என்றால் கொஞ்சம் கழிவு கொடுத்துச் சீட்டைத் தள்ளி முன்னதாகவே எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. அப்பா தெருமுனை வங்கியில் கணக்குத் தொடங்கலாம் என்றார். அங்கே கார்டு கொடுக்கிறார்கள், நினைத்த நேரம் எடுக்கலாம். இருவரும் பணத்தை எப்படி எடுப்பது என்றே பேசிக்கொண்டிருந்ததை அம்மா மாவாட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்:

"கார்டு கையில இருந்தா ஒங்க தங்கச்சி வீட்டுக்காரரு வந்து நின்னதும் எடுத்துக் குடுத்துருவிய. எடுக்கணும்னா பஸ் ஏறிப் போகணும். அப்பத்தான் ரூவா தங்கும்."

அப்படித்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் தபாலாபீஸ் தேர்வானது. வட்டி எவ்வளவு என்றுகூட அம்மா இரண்டாவதாகத்தான் கேட்டாள். ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று கொஞ்சம் தெருமுனை வங்கியில், மீதியெல்லாம் பஸ் ஏறிப் போகிற தூரத்தில் ஐந்து வருடக் கணக்கில். கம்பெனியில் கூட வேலை பார்த்து அப்புறம் நின்றுவிட்ட ஒருத்தியின் சிபாரிசில் ஒரு தபாலாபீஸ் ஏஜென்ட் அக்கா கிடைத்தார். தீபாவளிக்கு வந்த அப்பாவின் போனஸ் முழுவதையும், முதல் மாதத்து இரண்டாயிரத்தையும் அம்மா ஸ்ரீவில்லிபுத்தூர் தபாலாபீஸுக்கே போய் அவரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் பணம் வாங்க வரும்போது பாஸ்புத்தகங்களை நானே வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்று அவர் சொல்லி அனுப்பினார். அந்தத் தீபாவளிக்கு எங்களில் யாருக்கும் புதுத்துணி இல்லை. அம்மா மட்டும் புதுத்துணி கட்டியவள்போல் நடமாடினாள்.

அவர் சொன்னபடியே வந்தார். நான் பூட்டிய வீட்டு வாசற்படியில் சாவியைப் பாவாடைக்குள் முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். குடை பிடித்த ஒரு அம்மாள், தோளில் பை, கையில் நோட்டு. அம்மாவின் பெயரைச் சொல்லி இந்த வீடுதானே என்று கேட்டார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கடன் திரும்பி வந்துவிட்டது, வட்டிக்காரர் ஆளை மாற்றி அனுப்பியிருக்கிறார். புது ஆள் என்பதால் புதுப்பொய்யாகவே சொல்லலாம் என்று தோன்றியது. நான் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்றேன். இந்த வீட்டுக்காரர்கள் காலி பண்ணிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டார்கள் என்றேன். அவர் நம்பாததுபோல் நின்றதால், அங்கே அந்த வீட்டுக்காரருக்குப் பனியன் கம்பெனியில் வேலை, சாமானெல்லாம் லாரியில் போனது என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார். அவ்வளவு சுலபமாக வட்டிக்காரர் ஒருநாளும் போனதில்லை.

அன்று சாயங்காலம் ஏஜென்ட் அக்கா வந்தாரா என்று அம்மா கேட்டாள். இல்லை என்றேன். அது பொய்யில்லை, எனக்குத் தெரிந்து அக்கா என்று யாரும் வரவில்லை. மறுநாளும் கேட்டாள், அதற்கு மறுநாளும். பத்தாம் தேதி போய் இருபதாம் தேதி ஆயிற்று. செல்போன் எங்கள் தெருவுக்கு வராத காலம். மாமா வந்து உட்கார்ந்து, எந்தெந்த ஊரில் எந்தெந்த ஏஜென்ட் பணத்தோடு ஓடினான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, காப்பியும் குடித்துவிட்டுப் போனார். அப்பா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் அம்மாவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். மாதக் கடைசியில் அவள் சோற்றைத் தட்டில் போட்டுப் பிசைந்துகொண்டே இருந்தாள். கடன் இருந்த நாளில்கூட அம்மாவை அப்படி நான் பார்த்ததில்லை.

மறுமாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடி தாண்டி, பள்ளிவாசல் பக்கத்துச் சந்தில் விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். கதவு திறந்திருந்தது. கூடத்தில் பாஸ்புத்தகங்களை அடுக்கிவைத்துக்கொண்டு அதே குடைக்கார அம்மாள் உட்கார்ந்திருந்தார். வட்டிக்காரரின் ஆளைத் தேடி அம்மாவே வந்துவிட்டாளே என்றிருந்தது எனக்கு.

அவர் அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"நீங்க குடும்பத்தோட திருப்பூர் போயிட்டியன்னுல்ல சொன்னாக?"

யார் சொன்னது என்று அம்மா கேட்டாள். அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். பிறகு பீரோவைத் திறந்து, ரப்பர் பேண்டு போட்ட இரண்டு பாஸ்புத்தகங்களை எடுத்து அம்மாவின் கையில் வைத்தார். புத்தகத்துக்கு உரியவர்களின் புது விலாசம் தெரியாமல் இதை வைத்துக்கொண்டு ஒரு மாதமாகத் தனக்கும் நிம்மதி இல்லை என்றார். பனியன் கம்பெனி, லாரி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். அம்மா புத்தகத்தை விரித்து, போனஸ் தொகையின் மேல் விரலை வைத்துக்கொண்டே கேட்டாள். ஒரு மாதம் விட்டுப்போனதற்குத் தாமதக் கட்டணம் இருபது ரூபாய் என்று ஏஜென்ட் அக்கா தயக்கத்தோடு சொன்னார். அம்மா உடனே எண்ணி வைத்தாள்.

அடி நிச்சயம் என்று எனக்குத் தெரியும். தெருவில் விழவில்லை. பஸ் ஸ்டாண்டிலும் விழவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அம்மா தனக்குத்தானே சிரித்தாள். "பனியன் கம்பெனியாம்ல" என்று ஒரு தடவை சொல்லிக்கொண்டாள். செத்த நேரம் கழித்து என் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஏட்டி, இனிமே யாரு வந்து கேட்டாலும் இருக்கோம்னு சொல்லு."

"வட்டிக்காரர் வந்தாலுமா?"

"அவரு வந்தாலுந்தான்."

சொல்லி முடிக்கும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள். எனக்குக் காரணம் உடனே பிடிபட்டது. தாமதக் கட்டணம்தான். பெரியவளானதும் அந்த இருபது ரூபாயை நானே தந்துவிடுகிறேன் என்று அவள் காதில் சொன்னேன். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு இன்னும் அழுதாள். இருபது ரூபாய்க்கு இது கொஞ்சம் அதிகம் என்றுதான் எனக்குப் பட்டது.