ஆறு மார்க் கூடுதலாக வாங்கியும் வெளியே நின்ற பிள்ளை

ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். கேட்டதனாலேயே நான் பல நாள் அழுதேன். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் வாய் திறக்கவில்லை.

போன மாம்பழ சீசனில் என் வீட்டுக்காரர் லோடு ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிட்டார். குடிபாலாவிலிருந்து சித்தூருக்கு நான் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். எட்டாவது படிக்கும் எங்கள் ஜெனி, "நைனாவ நான் பாத்துக்கினு ஊட்லயே இருக்கேம்மா. ஸ்கூல் போதும்" என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் ஸ்கூலை விடாமலிருக்க மெரிட் ஸ்காலர்ஷிப் பரீட்சை ஒன்றுதான் நம்பிக்கை. அதில் தேறினால் இண்டர், அதாவது பன்னிரண்டாவது வரை, பண உதவி கிடைக்கும்.

வரதய்யபாளையத்தில் இருக்கும் என் அக்காவின் மகள் ஷாரோனும் அதே பரீட்சை எழுதினாள். அக்காவும் நானும் போனிலேயே இரண்டு பிள்ளைகளுக்காகவும் சேர்ந்து ஜெபித்தோம்.

ரிசல்ட் வந்தது. ஜெனி செலக்ட்! ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே அக்காவைக் கூப்பிட்டேன். ஷாரோனைப் பற்றிக் கேட்கும் முன்பே என் சந்தோஷத்தையெல்லாம் கொட்டிவிட்டேன்.

"ஷாரோன் உன் பொண்ண விட ஆறு மார்க் ஜாஸ்திடி" என்றாள் அக்கா. "எங்க ஜில்லாவுல கட்-ஆஃப் ஜாஸ்தி. அவளுக்கு வரல." போனை வைத்துவிட்டாள்.

ஒவ்வொரு ஜில்லாவுக்கும் தனி இடங்கள், தனி கட்-ஆஃப் என்று ஜெனியின் டீச்சர் விளக்கினார். முன்பு எங்கள் இரண்டு ஊரும் ஒரே சித்தூர் ஜில்லா. பிரித்தபோது அக்காவின் ஊர் திருப்பதி ஜில்லாவுக்குப் போனது. பிரிக்காமல் இருந்திருந்தால், ஷாரோன் உள்ளேயும் ஜெனி வெளியேயும் நின்றிருப்பார்களோ? அக்கா பிள்ளையின் தட்டிலிருந்து எடுத்து என் பிள்ளைக்குப் போட்டது போல நெஞ்சு உறுத்தியது. சபையில் சாட்சி சொல்ல எழுந்தேன். சொல்லாமலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா போனை எடுக்கவே இல்லை. "ஆண்டவரே, என் அக்காவைத் திருப்பித் தாரும்" என்று கதறினேன். பிறகு பஸ் ஏறிவிட்டேன்.

கதவைத் திறந்த அக்காவிடம், "மன்னிச்சுக்கோக்கா" என்றேன்.

"நீ இன்னாடி பண்ணே? உன் மேல இல்ல, ஆண்டவர் மேலதான் எனக்குக் கோவம். ரெண்டு பேருக்கும்தானே கேட்டோம்? ஜெபம் பண்றதையே உட்டுட்டேன்."

ஷாரோன் வந்து என் பையை வாங்கிக்கொண்டாள். "சின்னம்மா, ஜெனிய ஒழுங்கா படிக்கச் சொல்லு. வருஷா வருஷம் நல்ல மார்க் எடுத்தாதான் தருவாங்களாம்" என்றாள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலை குனிந்தேன்.

மூவரும் முழங்கால் போட்டோம். நான்தான் ஜெபித்தேன். அக்கா கடைசியில் மெதுவாக, "ஆமென்" என்றாள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஜெனி இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். ஷாரோனுக்கு இன்னும் வழி திறக்கவில்லை. என் உறுத்தலும் முழுதாகப் போகவில்லை. ஆனால் எனக்குக் கிடைத்ததைச் சத்தமாகச் சொல்லும் முன், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கிடைத்ததா என்று இப்போது கேட்கிறேன். கேட்டது கிடைக்காமல் இருப்பவர்களே, கோபத்தோடாவது அவரிடம் வாருங்கள். அவர் கதவைச் சாத்தமாட்டார். எங்கள் ஷாரோனுக்காகவும் ஒரு வார்த்தை ஜெபியுங்கள்.