ஒன்று முதல் நான்கு வரை

புனேவுக்குத் தனியாகப் போகிறேன் என்றதும் எங்கள் வீட்டுக்காரர் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாகக் கிளம்பியிருப்பேன். சிரித்தார். நாற்பத்தேழு வயதில் ஒருத்தி கோவையை விட்டுத் தனியாக ஊர் பார்க்கக் கிளம்புவது அவருக்கு அவ்வளவு வேடிக்கை.

“போயிட்டு வா. ஆனா தெனமும் மத்தியானம் ஒரு மணிக்குப் போன் பண்ணோணும். வரலீனா தாபோடி அண்ணனுக்குச் சொல்லி அன்னைக்கே உன்னைய ரயிலேத்தி உட்டுருவேன். அப்பறம் தனியாப் போற பேச்சே எடுக்கக் கூடாது பாத்துக்க.”

தாபோடி அண்ணன் என் பெரியம்மா மகன். தொழிற்சாலை வேலைக்கு வந்து புனேவில் தாபோடிப் பக்கமே தங்கிவிட்டவர். பாசக்காரர். அவரிடம் சிக்கினால் ஊர் பார்ப்பது போய், அவர் வீட்டு சோபாவைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

விமான் நகரில் ஒரு விடுதியில் இறங்கி, மறுநாள் காலையிலேயே பழைய ஊருக்குப் போனேன். ஸ்கூட்டரில் போகும் பெண்கள் எல்லோரும் கண்ணை மட்டும் விட்டுவிட்டு முகத்தைத் துணியால் சுற்றியிருந்தார்கள். வெயிலுக்காம், புகைக்காம். சாலையைக் கடக்க நின்றவளை அந்தக் கண்கள் ஓர் இரக்கமும் இல்லாமல் பார்த்துவிட்டுப் போயின.

ஊரில் ஆட்களை விடப் பலகைகள் அதிகம் பேசுகின்றன. பள்ளிக்கூட விடுமுறைகளில் ஹிந்தி பரீட்சை எழுதிய புண்ணியத்தில் மராத்திப் பலகைகளை எழுத்துக்கூட்டி, பாதி புரிந்துகொண்டேன். ஒரு வீட்டு வாசலில், ‘இங்கே வண்டி நிறுத்தினால் காற்று இறக்கப்படும்.’ சிற்றுண்டிக் கடையில், ‘வழி கேட்காதீர்கள். சத்தமாகப் பேசாதீர்கள். போன் சார்ஜ் செய்யக் கேட்காதீர்கள்.’ சாப்பிடலாமா கூடாதா என்று மட்டும் எழுதவில்லை. தைரியமாக ஒரு மிசல், அதாவது மிக்சர் தூவிய பயறுக் குழம்பு, சாப்பிட்டேன். காரத்தில் காது அடைத்துக்கொண்டது.

பலகைகளை எல்லாம் படம் பிடித்ததில் ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் போன் அணைந்துவிட்டது. சார்ஜர் வயர் கோவையில் சமையலறைப் பிளக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்தவர் போனில் கூப்பிடலாம்தான். இருபது வருடம் குடித்தனம் செய்தவரின் எண் எனக்கு மனப்பாடம் இல்லை. எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்ட லேண்ட்லைன் எண்தான் ஞாபகம் வந்தது.

மொபைல் கடை ஒன்றைக் கண்டுபிடித்து ஓடினேன். கடைக்காரர் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார்.

“பையா, ஒரே ஒரு வயர்” என்றேன், எனக்குத் தெரிந்த ஹிந்தியில்.

“சார் பஜே”, நான்கு மணிக்கு என்று நான்கு விரலைக் காட்டிவிட்டு உள்ளே போனார். பலகையில், ‘மதியம் 1 முதல் 4 வரை கடை மூடியிருக்கும். தட்டினாலும் திறக்காது.’ தெருவே அப்படித்தான் மூடியிருந்தது. வாங்க வந்தவள் வாசலில் நிற்க, விற்பவர் சாப்பிட்டுத் தூங்கப் போகும் ஊரை அன்றுதான் பார்த்தேன்.

விடுதிக்குத் திரும்பலாம். ஆனால் அங்கே அண்ணன் ரயில் டிக்கெட்டோடு உட்கார்ந்திருப்பார் என்று நிச்சயமாக நம்பினேன். அதனால் அந்தக் கடைப் படியிலேயே உட்கார்ந்தேன். இந்நேரம் வீட்டுக்காரர் போலீஸுக்குப் போயிருப்பார், ரத்த அழுத்த மாத்திரையை மறந்திருப்பார், நாத்தனார் வந்து “அப்பவே சொன்னேன்” என்று ஆரம்பித்திருப்பாள். சொல்ல வேண்டிய சமாதானங்களைத் திரும்பத் திரும்ப மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

நான்கு மணிக்கு ஷட்டர் ஏறியது. வயரை வாங்கி அங்கேயே செருகினேன். போன் விழித்தது. ஓர் அழைப்புகூட இல்லை. ஒரே ஒரு செய்தி: ‘பெருங்காய டப்பா எங்கே?’

கூப்பிட்டேன். “ஏனுங்க, ஒரு மணிக்குப் போன் வரலியேன்னு தேடலீங்களா?”

“ஒரு மணியா? அட, சாப்பிட்டுப் படுத்தவன் இப்பத்தான் எந்திரிச்சேன். பெருங்காயம் எங்க வெச்சே?”

ஜெயித்துவிட்டேன், ரயிலேற வேண்டாம். ஆனால் அந்தப் படியிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர் பதறுவார் என்று மூன்று மணி நேரம் நான் பதறியிருக்கிறேன், இவர் நன்றாகத் தூங்கியிருக்கிறார். அழுவதற்கும் ஒரு பலகை எழுத வேண்டும் போல என்கிற பாவனையில் கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

மறுநாள் ஒரு மணிக்குப் போனை அணைத்துப் பையில் போட்டேன். நான்கு மணி வரை நானும் மூடியிருந்தேன். பெருங்காய டப்பா எங்கே என்று இன்னும் சொல்லவில்லை.