வெள்ளைச் சட்டைக்குப் பன்னிரண்டு கூடை

மரியசெல்வம் அண்ணனிடம் இருப்பது இணையம் இல்லாத பட்டன் போன். அதிலும் அவர் பேச மாட்டார், அவர் மனைவி ஜான்சிதான் பேசுவார். அப்படிப்பட்ட மனிதரின் முகம் இந்தத் தேர்தல் வருஷத்தில் எத்தனை பேர் போனில் இருந்தது என்று அவரிடம் சொன்னால், “என் மூஞ்சிய வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறானுங்க?” என்றுதான் கேட்பார். நியாயமான கேள்வி. பதில் எனக்குத் தெரியும், ஏனென்றால் என் போனிலும் இருந்தது.

நான் ரகுபதி. அடையாறில் மீன் சாப்பாடு மெஸ் நடத்துகிறேன். பதினாலு வருஷமாகக் காலை ஆறரைக்கு ஊரூர் ஒல்காட் குப்பத்துக் கரையில் நிற்கிறேன், ஏலத்தில் மீன் எடுக்க. அங்கே ஏலம் விடுகிறவர் மரியசெல்வம். அவர் அந்த வேலைக்கு வந்து முப்பத்தோரு வருஷம் ஆகிறது.

ஏலம் என்றால் பெரிய விஷயமில்லை. படகு கரையேறியதும் மீனைக் கூடை கூடையாக மணலில் வைப்பார்கள். மரியசெல்வம் விலையைக் கூவிக்கொண்டே போவார். வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். மூணாம் தரம் சொல்லும்போது எவன் கை மேலே நிற்கிறதோ, மீன் அவனுக்கு. பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். பேர் சொன்னால் வேண்டியவன், வேண்டாதவன் என்று பேச்சு வருமாம். “பச்ச லுங்கிக்கு!” “கண்ணாடிக்கு!” “தொப்பைக்கு!” இப்படித்தான் முடிப்பார். தொப்பை நான்.

அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். கைன்னா கைதான். தூக்கிய கையைத் திரும்ப வாங்க முடியாது, விற்ற மீனை மறு ஏலம் விட முடியாது. ஒருமுறை அவருடைய மச்சினன், ஜான்சியின் தம்பி செபஸ்தியான், காக்காய் ஓட்டக் கையைத் தூக்கியபோது மூணாம் தரம் விழுந்துவிட்டது. 

“மாமா, நான் காக்கா ஓட்டினேன் மாமா!” 

“காக்காவ வாயால ஓட்டு.” 

ஒரு கூடை சங்கரா மீனைச் சுமந்துகொண்டு போனான் செபஸ்தியான். அந்த வீட்டில் எட்டு நாள் சங்கரா. ஜான்சி அந்த எட்டு நாளும் புருஷனிடம் பேசவில்லை. அதிலிருந்து அந்தக் கரையில் கொட்டாவி விடுகிறவன்கூடக் கையைக் கட்டிக்கொண்டுதான் விடுவான். சிரிப்பாக இருக்கலாம். ஆனால் சிந்தாதிரிப்பேட்டை வியாபாரிகள் ஐஸ் பெட்டியோடு அவ்வளவு தூரம் வந்ததே இந்தச் சட்டத்தை நம்பித்தான். 

“உனக்கு ஆள் தெரியாதா அண்ணே, சொந்த மச்சினன்” என்று நான் அப்போது கேட்டேன். 

“நான் மூஞ்சிய பாக்கறதில்ல நைனா. கைய பாக்கறேன்” என்றார்.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கரைக்குத்தான் வேட்பாளர் பொன்னுரங்கம் வந்து சேர்ந்தார். கட்சிப் பேரைச் சொல்ல மாட்டேன், எனக்கு மெஸ் நடக்க வேண்டும். சுவரொட்டியில் அவர் ‘ஏழைகளின் இதயத்துடிப்பு’. மூன்று கல்யாண மண்டபங்களுக்குச் சொந்தக்காரர் என்பது சுவரொட்டியில் இடம் போதாமல் விட்டுப்போயிருக்கலாம். கடல், சூரியன், மீனவன், நடுவில் தலைவர் என்று ஒரு காட்சி வேண்டுமென்று அவருடைய இணைய அணி முடிவு செய்திருந்தது. அதை நேரலையில் விட ட்ரோனும் கொண்டுவந்திருந்தார்கள்.

அப்போது படகுக்காரன் பக்கிரியின் மீன் ஏலத்தில் இருந்தது. ஆறு கூடை காரப்பொடி மீன். “ரெண்டு தரம்...” என்று மரியசெல்வம் இழுத்த நேரம் பார்த்து ட்ரோன் தலைக்கு மேலே வந்து நின்றது. பொன்னுரங்கம் அதைப் பார்த்து வலது கையைத் தூக்கினார்.

“மூணு தரம்! வெள்ள சட்டைக்கு!”

தன்னைத்தான் வாழ்த்துகிறார்கள் என்று பொன்னுரங்கத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு கையையும் தூக்கி அசைத்தார். மரியசெல்வம் அதற்குள் பக்கிரியின் அடுத்த ஆறு கூடைக்குப் போயிருந்தார். மற்றவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, கரையில் மேலே நின்ற கை அந்த இரண்டுதான். 

“ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! அதுவும் வெள்ள சட்டைக்கு!”

வட்டச் செயலாளர் ஓடிவந்தார். “யோவ், அது கும்பிடுய்யா! தலைவர் ஜனங்களுக்குக் கை காட்டறாரு!”

“ரோட்ல காட்டினா கும்பிடு. இங்க காட்டினா மீனு” என்றார் மரியசெல்வம். “பன்னெண்டு கூட. எடுத்துக்கினு போகச் சொல்லு, வெயில் ஏறிக்கினு கீது.”

தலைவர் வண்டியில் ஏறிப் போய்விட்டார். காரப்பொடி மணலில் கிடந்தது. விற்ற மீன் என்பதால் யாரும் தொடவில்லை. காக்காய்க்குச் சட்டம் தெரியாது, அது தொட்டது. மத்தியானம் எதிர்க்கட்சிக்காரர்கள், வாக்காளர்களுக்கு மீன் விநியோகம் நடக்கிறதென்று புகார் கொடுத்தார்கள். இரண்டு அதிகாரிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து கூடைகளை எண்ணிப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். சாயந்திரம் அந்த நாற்றம் பெசன்ட் நகரில் காற்று வாங்க வந்தவர்களையும் விரட்டிவிட்டது.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான அந்த நேரலையை நீக்கக் கட்சிக்குப் பதினைந்து நிமிஷம் ஆனது. ஊருக்கு அது போதாதா? பத்து மணிக்கெல்லாம் மரியசெல்வத்தின் முகம் மீம்ஸாக எல்லா போனிலும் வந்துவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை சோம்பல் முறிக்கிறான், “வெள்ள சட்டைக்கு!” வகுப்பில் பாத்ரூம் போகக் கை தூக்குகிறான் ஒருவன், “மூணு தரம்!” எமன் எருமையில் வருகிறான், ஐ.சி.யூ.வில் ஒருவர் கொசு அடிக்கிறார், அவருக்கும் மூணு தரம். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். எல்லாக் குழுவுக்கும் அனுப்பினேன். அதோடு நிற்கவில்லை. மெஸ் வாசலில் ஒரு போர்டு அடித்து மாட்டினேன். வாய் திறந்து கூவும் மரியசெல்வத்தின் படம், கீழே ‘வெள்ளைச் சட்டை மீன் குழம்பு, முந்துங்கள், ரெண்டு தரம் ஆகிவிட்டது!’ அவரிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. குழம்பு ஒரு மணிக்கே தீர்ந்தது.

இவ்வளவு மானம் போனால் சாதாரண மனிதன் இரண்டு நாள் வீட்டுக்குள் இருப்பான். பொன்னுரங்கம் அரசியல்வாதி. ‘ஏழை மீனவனின் மீனை வாங்கிய ஒரே தலைவர்’ என்று மறுநாளே சுவரொட்டி வந்தது. கூடவே வாக்குறுதி: வீட்டுக்கு வாரம் ஒரு கிலோ மீன் இலவசம். எதிர்க்கட்சி இரண்டு கிலோ என்றது, அதுவும் கழுவி நறுக்கி. மூன்றாவதாக ஒரு கட்சி மசாலா தடவியே தருவதாகச் சொன்னது. பொரித்துத் தருவதாக யாராவது சொல்லும் வரை ஓட்டுப் போட வேண்டாம் என்று என் மெஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். மயிலாப்பூர் குளக்கரையில் கிச்சா மாமா என்ற பெரியவரிடம் டி.வி.க்காரர்கள் மைக்கை நீட்டினார்கள். 

“எங்காத்துல மீன் வாசப்படி தாண்டாது. அதுக்காக எங்களுக்கு ஒண்ணும் கெடையாதுன்னா எப்படி? எங்களைப் பாத்தா ஓட்டர் மாதிரி தெரியலையோ?” என்று கேட்டார் மாமா. 

மறுநாள் திருத்திய வாக்குறுதி வந்தது. சைவக் குடும்பங்களுக்கு அரை கிலோ பன்னீர்.

இதெல்லாம் வேடிக்கைதான். வேடிக்கை இல்லாமல் போனது கரையில். ரீல்ஸ் எடுக்கிற கூட்டம் காலை ஆறு மணிக்கே வந்துவிடும். மூணாம் தரத்துக்குக் கையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். மரியசெல்வம் விடாமல் அவர்களுக்கே முடித்தார். “சிவப்பு பனியனுக்கு!” என்பார். சிவப்பு பனியன் அதற்குள் பைக்கில் இருக்கும். மீன் விற்றதாகக் கணக்கு, வாங்கினவன் இல்லை, மறு ஏலமும் இல்லை. கூடைகள் வெயிலில் கிடந்தன. ஓடாமல் மாட்டிக்கொண்ட தி.நகர்ப் பையன் ஒருவனை மட்டும் ஒரு கூடை நண்டைத் தூக்க வைத்தார். அவன் அதையும் படம் எடுத்துப் போட, அடுத்த நாள் கூட்டம் இரண்டு மடங்கானது. சிந்தாதிரிப்பேட்டைக்காரர்கள் ஒரு வாரம் பார்த்துவிட்டு வேறு கரைக்குப் போய்விட்டார்கள்.

பக்கிரிதான் முதலில் வாயைத் திறந்தான். “அண்ணே, உன் சட்டம் நல்லதுதான். ஆனா நாறிக்கினு கீறது என் மீனு.”

மரியசெல்வம் ஒரு ஈரச் சாக்கை எடுத்து அந்தக் கூடைகள் மேல் போட்டு மூடினார்.

ஓட்டுப்பதிவுக்கு ஐந்து நாள் முன்னால் பொன்னுரங்கம் மறுபடி வந்தார். இந்த முறை மேடை. குப்பத்துக்கு உதவி என்று, ஜான்சியைவிட உயரமான அட்டைக் காசோலை ஒன்றை அவர் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அதை எந்த வங்கியில் போடுவது என்று ஜான்சி கேட்டார், யாருக்கும் தெரியவில்லை. பிறகு மரியசெல்வத்தை மேடையேற்றினார்கள். எதிரே கூடை நிறையத் தெர்மாகோல் மீன். 

“நீங்க சும்மா கூவுங்கண்ணே. தலைவர் கை தூக்குவாரு, மூணு தரம் சொல்லிடுங்க, அவ்ளோதான்” என்றான் இணைய அணித் தம்பி.

மரியசெல்வம் ஒரு தெர்மாகோல் மீனை எடுத்து மோந்து பார்த்தார். கீழே வைத்தார். மைக்கில், “அந்தப் பன்னெண்டு கூடைய இன்னும் எடுக்கலியே, அதுக்கு இன்னா சொல்றீங்க?” என்று கேட்டார்.

மனிதர் நிஜமாகவே கேட்டார். முப்பத்தோரு வருஷத்தில் அவர் முடித்த ஏலத்தில் எடுக்கப்படாமல் போன முதல் மீன் அது. ஆனால் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பொன்னுரங்கம் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்து அவர் தோளில் கை போட்டுக்கொண்டார். அரை மணியில் அதுவும் எல்லா போனுக்கும் வந்தது. எனக்கும் வந்தது. எங்கே அனுப்ப வேண்டுமோ அங்கேயெல்லாம் அனுப்பினேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊரில் ஒரு வாய் என்னுடையது.

அன்று சாயந்திரம் படகுக்காரர்கள் கூடிப் பேசினார்கள். செபஸ்தியான் பிறகு எனக்குச் சொன்னான். தெரிந்த முகத்துக்கு மட்டும் ஏலத்தை முடி, மற்றவன் கையைக் கண்டுகொள்ளாதே, முடியாதென்றால் வேறு ஆளை வைக்கிறோம் என்றார்களாம். “மூஞ்சி பாத்து வித்தா அது ஏலமாடா?” என்று மரியசெல்வம் கேட்டாராம். கடைசியில் அவரே, “செரி, வுடு” என்று எழுந்து போனாராம். மாமா அப்படித் தலையைக் குனிந்துகொண்டு போனதைப் பார்க்க முடியவில்லை என்று சொன்னான் செபஸ்தியான், எட்டு நாள் சங்கரா தின்ற அதே செபஸ்தியான்.

பொன்னுரங்கம் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். இலவச மீனைப் பற்றி ஆராயக் குழு அமைக்கப் போகிறார்களாம். பன்னீருக்குத் தனிக் குழு. ஜான்சி அட்டைக் காசோலையை நாலு கொம்பில் கட்டி மீன் விற்கும் இடத்துக்கு நிழலாக்கிக்கொண்டார். பொன்னுரங்கம் குப்பத்துக்குச் செய்ததாகக் கண்ணுக்குத் தெரிவது அந்த நிழல் ஒன்றுதான். இணையம் வேறு யாருடைய முகத்தையோ பிடித்துக்கொண்டது. ரீல்ஸ் கூட்டம் கரையை மறந்தே போனது. சிந்தாதிரிப்பேட்டை வண்டி ஒன்றிரண்டு திரும்ப வரத் தொடங்கியது.

போன வியாழக்கிழமை பக்கிரியின் படகில் நல்ல வஞ்சிரம் வந்திருந்தது. எனக்கு அன்று ஐம்பது பேர் சாப்பாட்டுக்கு ஆர்டர். முன்னால் போய் நின்றேன். ரெண்டு தரம் ஆனதும் கையைத் தூக்கினேன். மரியசெல்வத்தின் கண் என் மேல் வந்தது, நின்றது, தாண்டிப் போனது. 

“மூணு தரம். பச்ச லுங்கிக்கு.” 

பச்சை லுங்கிக்காரன் கையைக்கூட முழுசாகத் தூக்கவில்லை, தலையைத்தான் ஆட்டினான்.

அடுத்த கூடைக்கும் தூக்கினேன். அதுவும் பச்சை லுங்கிக்குப் போனது.

“அண்ணே, தொப்பை இங்க கீது” என்றேன்.

“பாத்தேன் சார்.”

பதினாலு வருஷத்தில் அவர் என்னை சார் என்று கூப்பிட்டதில்லை. 

“கை தூக்கிக்கினுதான கீறேன்? கைன்னா கைதான்னு நீதான சொன்னே?”

“அப்ப கைய பாத்துக்கினு இருந்தேன். இப்ப மூஞ்சியப் பாக்கச் சொல்லிக் கீறாங்க, பாக்கறேன்” என்றார் மரியசெல்வம். குரலில் கோபமே இல்லை. அது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். “நேத்து ஜான்சி உன் கட வழியா பஸ்ல வந்துச்சு சார். என் மூஞ்சி அங்க தொங்கிக்கினு கீதாம்.”

பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. அவர் அடுத்த கூடைக்கு நகர்ந்து ஒரு தரம் என்று ஆரம்பித்துவிட்டார். என் கை இன்னும் மேலேயே நின்றது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டேன்.