மதினி போட்டுக் காட்டிய நகரம்

இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து இலத்தூர் வீட்டுக்கு என்னைக் கொண்டுவந்த பிறகு, வீட்டில் எல்லோருடைய குரலும் இறங்கிவிட்டது. அம்மா அடுக்களையில் பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தாள். பார்க்க வந்தவர்கள் என் முகத்தை மட்டுமே பார்த்துப் பேசினார்கள். பார்வை கீழே போய்விடக் கூடாதே என்று அவர்கள் பட்ட பாட்டைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் நான். மழையில் ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது ஊருக்குப் பிரியும் விலக்கில் ஒரு டிராக்டரின் பின்பெட்டி சறுக்கி என்மேல் சாய்ந்தது. அந்த நாளைப் பற்றி அதற்கு மேல் எனக்கு நினைவில்லை.

குரலை இறக்காதவள் மதினி ஒருத்திதான். அண்ணனைக் கட்டி வீரகேரளம்புதூரிலிருந்து வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதுவரை எங்களுக்குள் “சாப்பிட்டீங்களா மதினி”, “காப்பி போடட்டா” என்ற அளவில்தான் பேச்சு. கல்யாணத்துக்கு முன்னால் கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தவள். அங்கே அறைத்தோழிகளிடமிருந்து அவளுக்கு ஒரு பழக்கம் தொற்றியிருந்தது. ஜப்பான்காரர்களின் அனிமே, வரைந்து எடுத்த படத் தொடர்கள். வேலையெல்லாம் முடிந்த மத்தியானத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பொம்மைப் படம் பார்க்கிறாள் என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

ஒருநாள் மத்தியானம் மதினி என் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, தலையணையில் போனைச் சாய்த்து வைத்தாள்.

“ஏட்டி, இதப் பாரு. இதுல எல்லாருக்கும் கையும் காலும் இரும்புதான்.”

வாசலில் நின்ற அம்மா பதறிப்போனாள். “ஏட்டி, அவகிட்டப் போயி இதக் காட்டுதியே, ஒனக்குக் கொஞ்சமாவது இருக்கா?”

“அவளுக்குத்தான் காட்டணும் அத்த. வேற யாருக்குக் காட்ட?”

மறுத்துப் பேசுவதற்கான தெம்பு எனக்கு இல்லை. அதனால்தான் பார்த்தேன்.

வெயிலே விழாத ஒரு நகரம். ஏழைகள் தங்கள் கையையும் காலையும் ஒரு கம்பெனியிடம் கொடுத்துவிட்டு இயந்திரக் கையும் காலும் வாங்கிக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால்தான் அங்கே வேலை. கதாநாயகி தீயில் வெந்துபோனவள். மூளை மட்டும்தான் அவளுடையது, மற்றதெல்லாம் இரும்பு. கம்பெனி நினைத்தால் எங்கோ உட்கார்ந்தபடியே அவள் கையை அசையாமல் நிறுத்திவிடும். கம்பெனியிடமிருந்து தப்பி ஓடுகிறவர்களைப் பிடித்துவருவது அவள் வேலை. மனசை இருட்டில் போட்டு அமுக்குகிற கதை. நல்லவர்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள். முதல் பகுதி முடிந்ததும் நான், “ரொம்பக் கொடூரமா இருக்கு மதினி” என்றேன்.

“ஆமா. அடுத்தது போடட்டா?”

போடச் சொன்னேன். எனக்கு ஏன் அது பிடித்தது என்று பிறகு யோசித்திருக்கிறேன். அதில் யாரும் யாரையும் பார்த்து “எல்லாம் சரியாயிரும்” என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்திருந்தது.

அப்படித்தான் அது வழக்கமாயிற்று. அடியில் ஓடும் இங்கிலீஷ் எழுத்தை நான் படிப்பதற்குள் மதினி அதை எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்லிவிடுவாள். கம்பெனித் தலைவன் அறிவிப்பு வாசித்தால், “சொல்லுதான் பாரு, பெரிய யோக்கியன்” என்பாள். இரும்புக் கைக்காரன் இரும்புக் கைக்காரனை அடித்தால், “ரெண்டு பேருக்கும் வலிக்காது, நமக்குத்தான் வலிக்குது” என்பாள். நான் சிரிக்கும் சத்தம் கேட்டு அம்மா ஒருமுறை ஓடி வந்தாள். அழுகிறேன் என்று நினைத்துவிட்டாளாம்.

நான் அழுதது வேறொரு நாள். அந்தப் பகுதியில் ஒரு தாய் வருவாள். இரண்டு கையும் கம்பெனி கை. குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறாள், இரும்புக்கு எங்கே தெரியும்? கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, உதட்டைக் குழந்தையின் நெற்றியில் வைத்துப் பார்க்கிறாள். அவ்வளவுதான் காட்சி. ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோதுகூட அழாத நான் அன்று உடைந்துபோனேன். மதினி போனை நிறுத்தினாள். கட்டிப்பிடிக்கவில்லை, கண்ணைத் துடைக்கவில்லை.

“அழுதுக்கோ. நான் போயி அப்பளம் பொரிச்சிட்டு வாரேன்” என்று எழுந்து போனாள். அப்பளத்தோடு வரும்போது நான் மூக்கைச் சிந்தி முடித்திருந்தேன். இருவருமாகத் தின்றோம்.

புண் ஆறி, வீக்கம் வற்றியதும் திருநெல்வேலியில் செயற்கைக் கால் செய்யும் ஒரு இடத்துக்குப் போனோம். அம்மா, அப்பா, மதினி, நான். அளவெடுத்தவர் நடுத்தர வயதுக்காரர், பொறுமைசாலி. மிச்சமிருந்த காலைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டு அச்சு எடுத்துக்கொண்டிருந்தபோது மதினி கேட்டாள்:

“அண்ணாச்சி, இத வெளிய இருந்து யாரும் நிப்பாட்ட முடியாதுல்லா?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “இதுல பேட்டரியே கெடையாதும்மா. யாரு நிப்பாட்டப் போறா?”

“சும்மா கேட்டேன். கேட்டு வச்சுக்கிடணும்லா.”

நான் சிரிப்பை அடக்க முடியாமல் காலை அசைத்துவிட்டேன். மாவுக்கட்டு காய்கிற நேரம், அசையக் கூடாது என்று அவர் அதட்டினார்.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். காலுக்குத் தோல் நிறத்தில் உறை போட்டுத் தரவா, இல்லை குழாய் தெரிகிற மாதிரி அப்படியே விடவா? அம்மா, “தோலு நெறத்துலயே போடுங்க. சேல கட்டினா வெளிய தெரியக் கூடாது. நாளைக்குப் பொண்ணு பாக்க வருவாங்க” என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த இருட்டு நகரத்தில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வந்தவள் நான். இரும்பு எனக்கு அசிங்கமாகத் தெரியவில்லை.

“அப்படியே விட்டுருங்க” என்றேன்.

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதுவரை வாயே திறக்காத அப்பா, “அவ காலு. அவ இஷ்டம்” என்றார். நெல் விலையைத் தவிர எதைப் பற்றியும் தீர்த்துச் சொல்லாத மனிதர். அந்த நாலு வார்த்தையை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

நடக்கப் பழகியது அழகான கதை இல்லை. கிண்ணம் போன்ற மேல்பகுதி தோலை உரசிக் கொப்புளம் போட்டது. இரண்டு நாள் நடந்தால் மூன்று நாள் கழற்றி வைக்க வேண்டும். இல்லாத பாதத்தில் விரல்கள் முறுக்கிக்கொள்வது போல் வலிக்கும். மூளைக்குக் கால் போன சங்கதி இன்னும் எட்டவில்லை, சிலருக்கு அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வலி வரும்போது மதினி கையில் வேலை இருந்தாலும் வந்து, வெறும் மெத்தையில் கால் இருக்க வேண்டிய இடத்தைக் கையால் நீவிவிடுவாள். அதனால் வலி குறைந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் அந்தக் கை அங்கே இருந்தது.

அந்த வருஷம் ஆனி மாதம் சாரல் நன்றாகப் பிடித்தது. ஒரு வார நாள் காலையில் மதினி, “ஐந்தருவிக்குப் போவோம், கெளம்பு” என்றாள். காலை நனைக்கக் கூடாதே என்றேன்.

“கழத்தி வச்சிருவோம். குளிக்கப் போறது நீயா, அதுவா?”

கூட்டம் அதிகமில்லை. பெண்கள் பக்கத்தில் படியோரமாக உட்கார்ந்து காலைக் கழற்றினேன். முதல் தடவையாக வீட்டுக்கு வெளியே. நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். மதினி காலைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பதென்று தெரியாமல் முழித்தாள். எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு அம்மா கையை நீட்டினார்.

“இங்கன குடும்மா. நான் பாத்துக்கிடுதேன். நீங்க ரெண்டு பேரும் குளிச்சிட்டு வாங்க.”

வாங்கி, மடியில் குறுக்காகக் கிடத்திக்கொண்டார். எண்ணெய் பட்டுவிடாமல் இருக்க நடுவில் ஒரு துண்டை விரித்தார். அவர் யார், எந்த ஊர் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஒரு கை மதினியின் தோளில், ஒரு கை கம்பியில். ஒற்றைக் காலில் தத்தித் தத்திப் போனேன். தண்ணீருக்கடியில் நின்ற பெண்கள் பேசிக்கொள்ளாமலே இரண்டு பக்கமும் ஒதுங்கி இடம் விட்டார்கள். முதுகிலும் தலையிலும் தண்ணீர் அறைந்தது. மூச்சு முட்டியது. அந்தத் தொடரில் கதாநாயகி மழையில் நிற்கும் ஒரு காட்சி உண்டு. மழை என்ன வேகத்தில் விழுகிறது என்று அவள் கண்ணுக்குள் எண்கள் ஓடும், நனைகிற உணர்வு மட்டும் கிடைக்காது. அதை நினைத்துக்கொண்டே நின்றபோது, என் இடது பாதத்தில், ஐந்து விரலிலும், சில்லென்று குளிர்ந்தது.

“மதினி!” என்று கத்தினேன். “காலு குளுருது!”

“எந்தக் காலு?”

“இல்லாத காலு!”

அவள் குனிந்து கீழே பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். வாயைப் பிளந்து சிரிக்க ஆரம்பித்தாள், அருவித் தண்ணீர் வாய்க்குள் போய்ப் புரையேறியது. பக்கத்தில் நின்றவர்கள் ஒன்றும் புரியாமல் அவள் முதுகில் தட்டினார்கள். மாதக்கணக்கில் வலியை மட்டுமே அனுப்பிக்கொண்டிருந்த பாதம் அன்று குளிர்ச்சியை அனுப்பியது. அதன் பிறகும் வலி வந்தது. ஆனால் அதைக் கண்டு பயப்படுவது நின்றுபோனது.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் வேலைக்குத் திரும்பினேன். என் வகுப்புகளைத் தரைத்தளத்துக்கு மாற்றித் தந்திருந்தார்கள். முதல் நாளே பிள்ளைகள் குழாயைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். வரிசையில் வரச் சொன்னேன்.

தொடரின் கடைசிப் பகுதியை இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம். அந்த நகரம் மாறவில்லை. கம்பெனி அப்படியே இருந்தது. கதாநாயகி ஒரே ஒரு குடும்பத்தைத் தப்பிக்க வைத்துவிட்டு, கம்பெனி நிறுத்திவிட்டதில் அப்படியே அசையாமல் நின்றுபோனாள். “இதுக்குத்தானா இவ்வளவு நாளு பாத்தோம்” என்று மதினிக்கு ஆத்திரம். எனக்கு அது போதுமென்று பட்டது. நான் பார்க்கவே போகாத ஒரு நாட்டில் யாரோ சிலர் உட்கார்ந்து அந்த இருட்டைப் படம் படமாக வரைந்திருக்கிறார்கள். இலத்தூரில் ஒருத்தி அதைப் பார்த்து எழுந்து நிற்பாள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. அவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. மதினிக்குச் சொல்லிப் பார்த்தேன். “ஏட்டி, போ, கிறுக்கு” என்றுவிட்டு மாவரைக்கப் போய்விட்டாள்.

இப்போது அண்ணனுக்கு ஓசூரில் வேலை. போன மாதம் பிரசவத்துக்காக மதினி அவள் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பஸ் ஏறி வீரகேரளம்புதூர் போனேன். நிறைமாத வயிற்றோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். “எப்படி இருக்கீங்க மதினி” என்று நான் கேட்டு முடிக்கவில்லை.

“வந்துட்டியா. சார்ஜர் கொண்டாந்தியா? புதுசு ஒண்ணு புடிச்சு வச்சிருக்கேன். இதுல மனுசனே கெடையாது, எல்லாம் பூச்சி. வா, உள்ள வா.”