இரண்டாவது கையெழுத்து

போலந்து நாட்டின் கெம்ப்னோ ஊரில் உள்ள சோபாத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாகப் பணப் பொறுப்பு போகுமிலாவுடையது. சோபாக்கள் ஜெர்மனிக்குப் போகும், யூரோ வரும், சம்பளமோ உள்நாட்டுப் பணமான ஸ்வொட்டியில். யூரோ இறங்கினால் நஷ்டம். அதனால் வரப்போகும் யூரோவில் பாதிக்கு மட்டும் வங்கியோடு முன்கூட்டியே விலை பேசி வைப்பாள். மீதியைத் தொடமாட்டாள்.

2008 கோடையில் யூரோ சரிந்துகொண்டே போனது. வங்கிக்காரர்கள் கட்டணமே இல்லாத புது ஒப்பந்தத்தோடு வந்தார்கள். யூரோ இறங்கினால் வங்கி நல்ல விலை தரும். ஏறினால், அதே விலைக்குக் கம்பெனி இரண்டு மடங்கு யூரோ கொடுக்க வேண்டும். "ஏறினாத்தானே!" என்று ஊரில் பாதி முதலாளிகள் கையெழுத்துப் போட்டார்கள். போகுமிலா மறுத்துவிட்டாள்.

"போகுமிலா மேடம், நீங்க வெயில்லயும் குடை பிடிக்கிற ஆளு" என்று முதலாளி வியெஸ்வாவ் கேலி செய்தார்.

அக்டோபரில் யூரோ கிடுகிடுவென ஏறியது. அந்த ஒப்பந்தம் போட்ட பக்கத்து நாற்காலித் தொழிற்சாலை மூடும் நிலைக்கு வந்தது. அந்த வாரம்தான், பங்குச் சந்தைக்குப் போகவிருந்த இந்த சோபாக் கம்பெனிக்கு விலை மதிப்பிட வார்சாவிலிருந்து செவெரின் வந்தார்.

"அந்த ரெண்டு மடங்கு ஒப்பந்தம் இங்க இருக்கா?" அவருடைய முதல் கேள்வியே அதுதான்.

"கிடையாது" என்றாள் போகுமிலா.

முதலாளி தொண்டையைச் செருமினார். "ஆகஸ்ட்ல நீங்க கடற்கரைக்கு லீவுல போயிருந்தீங்கல்ல... நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். மாசம் மூணு லட்சம் யூரோ. நவம்பர்ல ஆரம்பம்."

"ஏறினா ஆறு லட்சம்! நமக்கு வர்றதே நாலுதானே!"

செவெரின் பேனாவை மூடினார். "அப்போ நான் விலை போட இங்க ஒண்ணுமே மிஞ்சாது."

போகுமிலா திடீரென்று நிமிர்ந்தாள். "கூட யார் கையெழுத்துப் போட்டா?"

"நான் மட்டும்தான்."

கம்பெனிப் பதிவேட்டின்படி முதலாளி கையெழுத்தோடு அவளுடையதும் இருந்தால்தான் எந்த ஒப்பந்தமும் செல்லும். "வங்கியிலேர்ந்து ஏதாவது தபால் வந்துச்சா?"

"வங்கித் தபாலை நான் எப்போ பிரிச்சேன்?"

அவருடைய மேசை இழுப்பறையைக் கவிழ்த்தாள். பிரிக்காத உறைகள் கொட்டின. நான்காவது உறையில் வங்கியின் குறிப்போடு இருந்தது அந்த ஒப்பந்தம்: இரண்டாவது கையெழுத்து இல்லாததால் ஏற்கப்படவில்லை, திருப்பி அனுப்புகிறோம்.

செவெரின் இரண்டு முறை படித்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

முதலாளி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "போகுமிலா மேடம், அடுத்த வருஷமும் கண்டிப்பா லீவுல போங்க."

"போறேன். நீங்க தபாலைப் பிரிச்சுப் படிங்க."

செவெரின் போட்ட விலை முதலாளி கனவு கண்டதைவிடக் குறைவுதான். மதிப்பீட்டுத் தாளின் அடியில் கையெழுத்துக்கு இரண்டு கோடுகள் இருந்தன. முதலாளி முதல் கோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை போகுமிலாவிடம் நீட்டினார்.