இன்ஸ்பெக்டருக்கு வாசித்தளித்த நன்றி

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாட்களில், மதுரையில் காளவாசலுக்குப் பக்கத்தில் இருந்த ஓர் உயர்நிலைப்பள்ளியில் நான் இங்கிலீஷ் வாத்தியார். அதிலும் தற்காலிக வாத்தியார். மூன்று வருஷமாகத் தற்காலிகம். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து என் வகுப்பைப் பார்த்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நிரந்தரமாகும். அதுவரை ஹெட்மாஸ்டர் தும்மினால்கூட நான் எழுந்து நின்றேன்.

அந்த வருஷம் ஐந்தாம் பாரத்துக்கு, அதாவது இப்போதைய பத்தாம் வகுப்புக்கு, ஓர் இங்கிலீஷ் நாவல் வைத்திருந்தார்கள். பாடப்புத்தகக் கமிட்டியில் இருந்த பெரிய மனிதர்கள் அட்டையை மட்டும் பார்த்துவிட்டு, நல்ல குடிமகன் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் புத்தகம் என நம்பியிருக்க வேண்டும். உள்ளே இருந்ததோ ஒரு நாசமாய்ப் போன நாடு. அங்கே ஜனங்கள் தினமும் காலையில் அதிபதிக்கு நன்றி சொல்ல வேண்டும். நேற்றுச் சொன்ன நன்றியையே இன்றும் சொன்னால் தண்டனை. மூன்றாம் அத்தியாயத்தில் ஒருவனுடைய வீட்டுக் கூரையை அதிபதியின் ஆட்கள் பெயர்த்துக்கொண்டு போகிறார்கள். மறுநாள் அவன் சபையில் நின்று, தனக்கு ஆகாயத்தைக் காட்டிய கருணைக்கு ஒரு முழுப் பக்கம் நன்றி சொல்கிறான்.

இதை வரி வரியாகப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறேன் பேர்வழி என்று கிளம்பினேன். யார் பேசுகிறார், யார் காதில் விழுவதற்காகப் பேசுகிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார், இதையெல்லாம் கவனித்துப் பென்சிலால் கோடு போடுங்கள் என்றேன். பையன்கள் முதல் வாரம் எல்லா வரிக்கும் கோடு போட்டார்கள். முன் பெஞ்சுக்காரன் ஒருவன் ஸ்கேல் வைத்துப் போட்டான். "சார், கோடு போட்டதுல எது பரிச்சைக்கு வரும்?" என்று கேட்டதும் அவன்தான்.

கொட்டாம்பட்டியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த ஒரு பையன் மட்டும் ஒரு நாள் எழுந்தான். விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. "சார், ஆகாயம் தெரியுதுன்னு இம்புட்டு நேரம் பேசுறான். மழையப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே. வாய்விட்டுச் சொல்லப் பயந்துக்கிட்டு முழுங்கிட்டான் சார்." அன்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவன் சொன்னதைப் போர்டில் எழுதிப் போட்டேன்.

அவனுக்குப் புரிந்ததில் ஆச்சரியமில்லை. எங்கள் ஐந்தாம் பாரக் கொட்டகைக்கே ஓடு கிடையாது. பழைய ஓடு ஆபத்து என்று சொல்லி இறக்கச் சொன்னவர் இன்ஸ்பெக்டர். புதிய ஓடு கேட்டு எழுதியபோது, திறந்தவெளிக் காற்று மாணவர்களுக்கு நல்லது என்று இரண்டு முறை திருப்பி அனுப்பியவரும் அவரே. பங்குனி வெயிலில் பையன்கள் புத்தகத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அந்த நல்ல காற்றை வாங்கினார்கள்.

இன்ஸ்பெக்டர் வரும் தேதி தெரிந்தது. வந்தால் வரவேற்புப் பத்திரம் வாசித்து, பூ பார்டர் போட்டு அச்சடித்துக் கையில் கொடுக்க வேண்டும். ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். மூன்றாம் அத்தியாயத்தின் நன்றிப் பேச்சு, கமா குறையாமல்.

"அதிபதிங்கற இடத்துல எல்லாம் இன்ஸ்பெக்டர்னு மாத்திட்டேன். இம்புட்டு அருமையான இங்கிலீஷ் கையில இருக்கப்ப நாம எதுக்குச் சொந்தமா எழுதித் தப்புப் பண்ணணும்? எப்படி இருக்கு?"

என் நிரந்தரக் காகிதம் அவர் மேஜையில்தான் கிடந்தது.

"பிரமாதம் சார்" என்றேன்.

விழா அன்று ஹெட்மாஸ்டர் தொண்டை கரகரக்க வாசித்தார். கூரையை நீக்கி ஆகாயத்தைத் தந்த இன்ஸ்பெக்டர் பெருமானே என்ற இடம் வந்ததும் ஐந்தாம் பாரம் மொத்தமும் குனிந்து செருப்பில்லாத கால்களை ஆராய ஆரம்பித்தது. இன்ஸ்பெக்டர் உருகிப்போனார். ஓடு விஷயத்தில் இவ்வளவு நன்றியை அவர் எதிர்பார்க்கவில்லை.

அந்தக் குளிர்ச்சியோடு என் வகுப்புக்கு வந்தவர், பக்கத்தில் இருந்த ஒரு புத்தகத்தை எடுத்து, பென்சில் கோடு அதிகமாக இருந்த பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொன்னார். கொட்டாம்பட்டிப் பையனின் புத்தகம், மூன்றாம் அத்தியாயம். அவன் வாசித்தான். நாலாவது வரியில் இன்ஸ்பெக்டரின் முகம் கறுத்தது.

"இந்த மனிதன் உண்மையாகவே நன்றி சொல்கிறானா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

பையன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவன் தட்டுத்தடுமாறி இங்கிலீஷிலேயே சொன்னான், "இல்லை சார். கூரையை எடுத்தவரிடம் கூரை கேட்க அவனுக்குப் பயம்."

ஹெட்மாஸ்டர் அறையில் விசாரணை நடந்தது. அந்தப் பையன்தான் விஷமத்துக்கு வரவேற்புப் பத்திரத்தை எழுதிக் கொடுத்ததாகவும், தாம் வெள்ளை மனசோடு வாங்கி வாசித்துவிட்டதாகவும் ஹெட்மாஸ்டர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "அப்படித்தானா?"

"இருக்கலாம் சார்" என்றேன். விடைத்தாளில் 'இருக்கலாம்' என்று எழுதியவனுக்கு அரை மார்க்கூடப் போடாதவன் நான்.

என் காகிதத்தில் கையெழுத்து விழுந்தது. பையனுக்குப் பன்னிரண்டு பிரம்படி, ஒரு மன்னிப்புக் கடிதம். அதன் இங்கிலீஷைத் திருத்தும் பொறுப்பு எனக்கு.

மறுநாள் ஆசிரியர் அறைக்குக் கொண்டுவந்தான். உள்ளங்கை வீங்கியிருந்ததால் எழுத்து கோணலாக இருந்தது. தன் அறியாமையை மன்னித்த இன்ஸ்பெக்டருக்கும், பெருந்தன்மையுள்ள ஹெட்மாஸ்டருக்கும், உண்மையை எடுத்துரைத்த தன் ஆசிரியருக்கும் நன்றி என்று எழுதியிருந்தான். ஒரு பிழை இல்லை.

"மனசாரத்தான் எழுதினியா?" என்று கேட்டேன். எதற்குக் கேட்டேனோ.

"நீங்களே வாசிச்சுப் பாருங்க சார்" என்றான், மரியாதையாக.

வாசித்தேன். பிரம்படியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனாலும் 'திருத்தப்பட்டது' என்று எழுதி, கீழே நிரந்தர ஆசிரியருக்குரிய முழுக் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தேன்.