கிண்ணியாவுக்குள் கிளிவெட்டி

உள்துறைமுக வீதியை ஒட்டிய ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில், சனிக்கிழமைகளில் கணினி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். லிங்கநகரில் என் வீடு; ஸ்கூட்டியில் போனால் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். வகுப்புக்கு வந்தவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அல்லர். உயர்தரம் முடித்துவிட்டு வேலை தேடுகிறவர்கள் கொஞ்சப் பேர். மற்றவர்கள் ஏதோ ஒரு சங்கத்திலோ அலுவலகத்திலோ பல காலமாக வேலை செய்துவிட்டு, இனி எல்லாம் கணினியில்தான் என்று திடீரென்று சொல்லப்பட்டவர்கள்.

முதல் நாள் எல்லாரையும் ஒரு சிறு கடிதம் தட்டச்சுச் செய்து சேமிக்கச் சொன்னேன். செய்தார்கள். மூடிவிட்டுத் திரும்பத் திறக்கச் சொன்னேன். அதையும் செய்தார்கள். எல்லாரிலும் முதலில் திறந்தவள் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு பெண்பிள்ளை. விரல்கள் அவ்வளவு வேகம். நான் அவளுடைய கதிரைக்குப் பின்னால் போய் நின்று கேட்டேன்.

"இந்தக் கடிதம் எங்க இருக்கு?"

"வேர்டுக்குள்ள மிஸ்."

"வேர்டுக்குள்ள எங்க?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

"உள்ளதான் மிஸ். ஃபோட்டோ கேலரிக்குள்ள இரிக்கி, வொய்ஸ் மெசேஜ் வட்சப்புக்குள்ள இரிக்கி. அதுமாதிரி கடிதம் வேர்டுக்குள்ள இரிக்கி."

வகுப்பில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பதுபோல.

நான் இதைத் தவறு என்று உடனே சொல்லவில்லை. சொல்ல வாய் வந்தது, ஆனால் அதைவிட அறிந்துகொள்ளும் ஆசை முந்திக்கொண்டது. இவர்கள் மனதில் கணினியின் உட்புறம் எப்படி இருக்கிறது? எல்லாருக்கும் ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து, "நீங்கள் சேமிச்ச சாமான் உள்ளுக்க எப்பிடிக் கிடக்கும் எண்டு நினைக்கிறியளோ, அதைக் கீறிக் காட்டுங்கோ" என்றேன்.

ஒருவர் சாக்கு ஒன்றைக் கீறியிருந்தார். ஒருவர் பஸ் நிலையம்போல வரிசையாகக் கட்டங்கள் போட்டிருந்தார். கிண்ணியாப் பிள்ளை கீறியது ஒரு கிணறு. எல்லாம் அதற்குள்தான் கிடக்கும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மேலே வரும் என்றாள். நான் கரும்பலகையில் கீறுவதற்கு வைத்திருந்த படம், இடத்துக்குள் இடமாகக் கிளைவிட்டுப் பிரியும் மரம். அந்தத் தாள்களைப் பார்த்த பிறகு அந்த மரத்தைக் கீறக் கை வரவில்லை. எனக்கு அந்த மரம் எப்போது பழகியது என்று யோசித்தேன். நினைவில்லை. யாரோ ஒருநாள் கரும்பலகையில் கீறினார்கள், நான் நம்பிவிட்டேன், அவ்வளவுதான். இந்தப் பிள்ளைகளின் கைத்தொலைபேசியோ ஒரு நாளும் "இதை எங்கே வைக்க?" என்று அவர்களைக் கேட்டதில்லை.

அன்று மாலை குசினியில் தேத்தண்ணி போடும்போது கணவரிடம், "சீனி எங்க இருக்கு, தெரியுமா?" என்று கேட்டேன்.

"உம்மைக் கேட்டா வரும்" என்றார்.

அவரும் கிணற்றுக்கட்சிதான்.

அடுத்த வாரம் கோப்பு, கோப்புறை என்ற இரண்டு சொற்களையும் விளக்க முனைந்தேன். எழுதுகிற கடிதம் கோப்பு, அதாவது பைல். கோப்புகளைப் போட்டுவைக்கிற இடம் கோப்புறை. இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"மிஸ், குறை நினைக்காதேங்கோ. நீங்கள் மாறிச் சொல்லுறியள்."

பேசியவர் கிளிவெட்டியிலிருந்து வருகிற அக்கா. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஊரில் கமக்கார அமைப்பின், அதாவது விவசாயிகள் சங்கத்தின் செயலாளர். விடிய முதல் பஸ்ஸைப் பிடித்து, தலையில் பூவாடாமல் வந்து சேர்ந்துவிடுவார்.

"எப்பிடி அக்கா?"

"கந்தோரில பைல் எண்டா மட்டைதானே. மட்டைக்குள்ளதான் கடுதாசியளைக் கோத்து வைக்கிறது. நீங்கள் கடுதாசியைப் போய்ப் பைல் எண்டு சொல்லுறியள். அப்ப மட்டைக்கு என்ன பேர்?"

அவர் சொன்னது சரி. பிரதேச செயலகத்தில் "பைலைக் கொண்டுவா" என்றால் நூல் கட்டிய மட்டைதான் வரும். கணினியை உருவாக்கியவர்கள் ஒற்றைத் தாளுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். தமிழில் வைத்த பெயரை எடுத்தாலும் அதே சிக்கல். கோத்து வைத்ததுதானே கோப்பு? தனியாகக் கிடக்கும் ஒரு தாளில் எதை எதனோடு கோத்தார்கள்? பத்து வருடமாக இந்தச் சொல்லை வகுப்பில் சொல்லி வருகிறேன். ஒரு நாளும் அதற்குள் எட்டிப் பார்த்ததில்லை.

"அக்கா, பேர் வைச்சவை பிழையா வைச்சிட்டினம். நாங்கள் பழகிக்கொள்ளத்தான் வேணும்" என்றேன்.

"ஓம், பழகலாம். ஆனா எனக்குக் கொஞ்ச நாள் மாறும்" என்றார்.

மூன்றாம் வாரம் எல்லாருக்கும் பொதுவான பிரதான கணினியில் ஆளுக்கொரு கோப்புறை உண்டாக்கினேன். வகுப்பில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். அதனால் ஊர்ப்பெயரை வைத்தேன். நல்லகாலம், ஊருக்கு ஒருவராகத்தான் இருந்தார்கள். கணினி அவற்றை அகர வரிசையில் அடுக்கிக்கொண்டது. கிண்ணியா, கிளிவெட்டி, புல்மோட்டை, வெருகல் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக. வரைபடத்தில் இல்லாத ஓர் ஒழுங்கு.

கிளிவெட்டி அக்கா அன்று தம் சங்கத்து வேலைகளைப் பென்ட்ரைவில் கொண்டுவந்திருந்தார். மாரி மழைக்கு அவர்கள் ஊர் வாய்க்கால் கட்டு உடைந்து வயலுக்குள் மணல் ஏறியிருந்தது. அது பற்றி எழுதிய கடிதங்களும், உடைந்த அன்றே எடுத்த படங்களும் அதில் இருந்தன. மவுஸைப் பிடித்து அவற்றை அப்படியே இழுத்து, தம் ஊர்ப்பெயரின் மேல் போட்டார். பிறகு பென்ட்ரைவில் இருந்ததை அழித்துத் துப்புரவாக்கிக்கொண்டு மகிழ்ச்சியோடு போனார்.

அடுத்த சனிக்கிழமை அவர் கிளிவெட்டி கோப்புறையைத் திறந்தார். வெறுமை.

"மிஸ், ஒண்டுமே இல்லை."

நான் போய்ப் பார்த்தேன். உண்மையிலேயே ஒன்றுமில்லை. குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தேன், அங்கேயும் இல்லை.

"பென்ட்ரைவில இருக்கும்தானே அக்கா?"

"அதில இப்ப மகன்ர பாட்டுத்தான் கிடக்கு. போனிலயும் அழிச்சிட்டன், இடமில்லை எண்டு சொல்லிச்சுது." என் பக்கம் திரும்பினார். "திங்கக்கிழமை செயலகத்தில கூட்டம். கட்டை நாங்களே மண்மூட்டை போட்டு அடைச்சிட்டம். இப்ப போய்ப் படம் எடுத்தா, உடைஞ்சதெண்டு ஆர் நம்புவினம்?"

எல்லாரும் தம் வேலையை விட்டுவிட்டு அவரைச் சுற்றி நின்றோம். கிண்ணியாப் பிள்ளை முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, ஏன் பயப்படுறீங்க? தேடினா வரும். என்ன பேர் வச்சீங்க?"

"ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு."

"படத்துக்கு?"

"அதுக்குப் போன் தானா ஒரு நம்பர் வைக்குமே, அதுதான்."

ஒன்று என்று தேடினால் வகுப்பில் உள்ள எல்லாருடைய ஒன்றும் வந்து விழுந்தது; எது அக்காவுடையது என்று பிரித்தறிய முடியவில்லை. சரி, கடிதத்துக்குள் இருக்கிற ஒரு சொல்லைத் தேடுவோம் என்றேன். எல்லாக் கடிதத்திலும் என்ன சொல் வரும் என்று கேட்டேன். யோசிக்காமல் "குளம்" என்றார் அக்கா. பிள்ளை குளம் என்று தட்டினாள். ஒன்றும் வரவில்லை. வாய்க்கால் என்று தட்டினாள். வரவில்லை. அவளுடைய முகம் வாடியதை அன்றுதான் பார்த்தேன். கூப்பிட்டும் கிணறு பதில் சொல்லவில்லை.

எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது.

"அக்கா, கடிதங்களை எதில டைப் பண்ணினனீங்கள்?"

"சங்கத்துக் கொம்பியூட்டரிலதான் அடிச்சு, நேர பென்ட்ரைவில போட்டனான். டைப்ரைட்டிங் பழகின மாதிரி."

"பழைய எழுத்திலயோ?"

"பழசோ புதுசோ எனக்குத் தெரியாது. தமிழில."

அது தமிழ் இல்லை. கண்ணுக்குத்தான் தமிழ். அந்தப் பழைய எழுத்துருவில் அடிக்கும்போது கணினி உள்ளே வைத்துக்கொள்வது ஆங்கில எழுத்துகளை. அவற்றுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது, அவ்வளவே. நாம் குளம் என்று தேடினால் அதற்குத் தெரியாது. அதனிடம் குளம் என்ற சொல்லே இல்லை. இதைச் சொன்னதும் கிண்ணியாப் பிள்ளையின் கண்கள் விரிந்தன.

"அப்ப இவ்வளவு காலமும் அந்தக் கடிதம் எல்லாம் இங்கிலீசிலயா மிஸ் இரிக்கி?"

"இங்கிலீசும் இல்லை. ஒரு மொழியும் இல்லை."

தேடும் பெட்டியைத் திறந்து, விசைப்பலகையை அக்காவின் பக்கம் திருப்பினேன். "நீங்கள் சங்கத்தில எப்பிடிக் குளம் எண்டு அடிப்பியளோ, அதே மாதிரி இதில அடியுங்கோ. திரையைப் பாக்காதேங்கோ."

அவர் விசைப்பலகையில் விரல்களை வைத்தார். அந்த விரல்களுக்கு வழி தெரிந்திருந்தது. மூன்று ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் விழுந்தன. நிமிர்ந்து பார்த்தவர், "இதென்ன கோதாரி!" என்றார். அதற்குள் கீழே கடிதங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கிவிட்டன. ஒண்டு, ரெண்டு, மூண்டு.

"எங்க கிடக்கு, பாரும் பிள்ளை" என்றேன். கிண்ணியாப் பிள்ளை குனிந்து, கடிதம் கிடக்கும் இடத்தைக் காட்டும் பாதையை வாசித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அல்லாஹ்! அக்கா, உங்கட ஊர் எங்கட ஊருக்குள்ள வந்து இரிக்கி!"

வகுப்பே சிரித்தது. கோப்புறைப் பட்டியலில் மேல்வரியில் கிண்ணியா, கீழ்வரியில் கிளிவெட்டி. இழுத்துப் போடும்போது அக்காவின் கை ஒரு வரி மேலே தவறியிருக்கிறது.

"ஒரு கிழமையா உம்மட கோப்புறைக்குள்ள கிடந்திருக்கு. நீர் காணேல்லையோ?" என்று பிள்ளையைக் கேட்டேன்.

"நான் அதுக்குள்ள போறதே இல்ல மிஸ்" என்றாள் வெட்கத்தோடு. "வேர்டைத் திறந்தா என்ர கடிதம் மேலயே இரிக்கும். பிறகு எதுக்குப் போகணும்?"

அவளே தன் கோப்புறையை முதன்முறையாகத் திறந்தாள். கடிதங்களுக்குப் பக்கத்தில் படங்களும் இருந்தன. உடைந்த கட்டு, வயலில் ஏறிய மணல், முழங்காலளவு தண்ணீரில் நிற்கும் ஆட்கள். எந்தச் சொல்லைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அவை வந்திரா. அவற்றுக்குள் சொல்லே இல்லை. கடிதங்கள் வந்ததால்தான், அவற்றோடு ஒரே இடத்தில் கிடந்த படங்களும் கிடைத்தன. நான் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பிள்ளை தன் இடத்துக்குப் போய், தன் கடிதங்களுக்கு ஒரு கோப்புறை, தாத்தாவின் கல்யாணப் படங்களுக்கு ஒன்று என்று தானாகவே பிரிக்கத் தொடங்கினாள். அவர்கள் பக்கத்தில் தாத்தா என்றால் அக்கா.

கிளிவெட்டி அக்கா எல்லாவற்றையும் தம் கோப்புறையில் ஒரு பிரதி, கடையில் வாங்கிய புதிய பென்ட்ரைவில் ஒரு பிரதி என்று வைத்துக்கொண்டார். இந்த முறை இரண்டையும் திறந்து பார்த்த பிறகுதான் எழுந்தார்.

அடுத்த வாரம் வந்தபோது அவருடைய முகமே கதை சொல்லியது. கூட்டத்தில் படங்களைப் பெரிய திரையில் காட்டினாராம். அதிகாரிகள் இரண்டு பேர் வந்து கட்டைப் பார்த்துவிட்டுப் போனார்களாம். மண்மூட்டையை எடுத்துவிட்டுக் கல் வைத்துக் கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாருக்கும் பனங்கட்டி கொண்டுவந்திருந்தார்.

நாங்கள் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தோம். கீழே வாசலில், நகரத்துக்குள் திரியும் மான்களில் ஒன்று, யாரோ எறிந்த வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தது. அக்கா திடீரென்று கேட்டார்.

"மிஸ், இப்ப அந்தப் படம் ரெண்டு இடத்தில கிடக்கு. இதில எது உண்மையான படம்?"

"ரெண்டும் ஒண்டுதான் அக்கா."

"அதெப்பிடி? ஒண்டைப் பாத்துத்தானே மற்றது வந்தது. முதல் எடுத்தது போனில. அதை அழிச்சிட்டன். அப்ப உண்மையானது செத்துப்போச்சா?"

"அக்கா, அப்பிடியெண்டா நாங்க எல்லாரும் பாத்தது என்ன?" என்றாள் கிண்ணியாப் பிள்ளை.

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என்னிடம் இருந்த விடை பாடப்புத்தகத்து விடை; அதைச் சொன்னால் கேள்வி முடிந்துவிடும் போலிருந்தது. கதிரையை அவர்கள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "நீங்கள் என்ன நினைக்கிறியள், சொல்லுங்கோ" என்றேன்.